வண்டிக்கு அடியில் போகும் முன்

காரின் முன்விளக்கில் ஒரு பல்பை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் தெருமுனை மெக்கானிக்குக்கு, டீ குடித்துக்கொண்டே செய்தால், ஐந்து நிமிடம். எங்கள் செகண்ட் ஃப்ளோர் மேடத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். அவர் கை மெதுவென்று நினைத்துவிடாதீர்கள். பல்பை அவரும் ஐந்து நிமிடத்தில்தான் மாற்றுவார். மீதி ஒரு மணி நாற்பது நிமிடம், பல்பை மாற்றுவதற்குத் தயாராவதில் போகும்.

பெங்களூரில், பிரேசர் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட கட்டடம் எங்களுடையது. கீழ்த்தளம் முழுக்கத் தூண்களும் கார்களும்தான். மழைத் தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்பதற்காகத் தரையைக் கேட் பக்கமாகச் சரித்துப் போட்டிருந்தார் கட்டியவர். தண்ணீர் எப்படியும் தெருவிலிருந்து உள்ளேதான் வந்தது. சரிவு மட்டும் எங்களுக்கு மிச்சம்.

மேடம் குடிவந்த முதல் மாதமே, லிஃப்டுக்குப் பக்கத்தில் தனக்கு ஒதுக்கியிருந்த அருமையான இடத்தை எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஜெனரேட்டருக்கு அடுத்து யாரும் சீண்டாமல் கிடந்த மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த மூலையில்தான் தரை மட்டமாக இருக்கிறதாம். கோலிக்குண்டை வைத்துப் பார்த்தாராம், உருளவில்லையாம். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி பார்க்கிங்கில் குனிந்து கோலி விளையாடியதை வாட்ச்மேன் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டான். அன்றைக்கே அவரைப் பற்றி நாங்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம்.

நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவர். அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. அதாவது, மற்றவர்கள் முடுக்கிய நட்டுகளைச் சந்தேகிப்பதற்கு அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறது. விருப்ப ஓய்வு வாங்கியும் அந்தச் சந்தேகம் ஓயவில்லை. தனியாக இருந்தார். ஒரு பழைய சிவப்புக் கார் வைத்திருந்தார். அதற்கு ஆயில் மாற்றுவது முதல் பிரேக் பார்ப்பது வரை தானே செய்துகொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு எங்களோடு சர்ச்சுக்கு வருவார். திரும்பி வந்து இரண்டாவது பூசையைப் பார்க்கிங்கில் ஆரம்பிப்பார்.

முதலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஃபிளாஸ்க்கில் காபியோடு உட்காருவார். எதற்கு? இன்ஜின் ஆறுவதற்கு. சர்ச்சுக்குக் காரில் போய் வந்த தூரம் ஒன்றரை கிலோமீட்டர். அதற்கு முக்கால் மணி நேரக் காத்திருப்பு. நடுநடுவே எழுந்துபோய், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைப் பார்ப்பதுபோலப் புறங்கையைப் பானட்டின் மேல் வைத்துப் பார்ப்பார். திருப்தி வந்ததும் தோடு, செயின், மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அதை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுக் காக்கிக் கோட்டோடு இறங்குவார். தலைமுடி முழுக்கத் துணித் தொப்பிக்குள். ஹேண்ட் பிரேக்கை இழுப்பார், கியரில் போடுவார், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முக்கோண மரக்கட்டைகளைச் செருகி, காலால் உதைத்துப் பார்ப்பார். கார்ச் சாவியைக் கோட்டின் உள்பையில் போட்டு, பையின் வாயைச் சேஃப்டி பின் போட்டுக் குத்திவிடுவார். ஸ்டீயரிங்கில் ஒரு அட்டை தொங்கும். கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும், "கை உள்ளே இருக்கிறது. ஸ்டார்ட் செய்யாதே." சாவி அவர் பையில், பின் குத்தி. எவன் ஸ்டார்ட் செய்வான்? கேட்டேன்.

"ரெண்டாவது சாவின்னு ஒண்ணு இருக்கு சார்."

"அது எங்க?"

"பீரோல."

"பீரோ சாவி?"

"என்கிட்டதான்."

அப்புறம் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுவார். அதற்குப் பிறகுதான் ஸ்பானர். ஒரு பக்கம் தீயணைப்பு சிலிண்டர், மறு பக்கம் மணல் வாளி. அந்த வாளியை எங்கள் கட்டடத்துப் பூனைகள் வேறு மாதிரிப் புரிந்துகொண்டன. மேடம் வாரா வாரம் புது மணல் நிரப்பினார். பூனைகளும் வாரா வாரம் தவறாமல் வந்தன. கட்டடத்திலேயே அவருடைய ஏற்பாடுகளை மதித்துப் பயன்படுத்தியது அவை மட்டும்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பார்ப்பவன். விபத்து நடந்த பிறகு ஃபாரம் நிரப்புவது என் தொழில். விபத்தே நடக்காமல் பார்ப்பது அவருடைய பைத்தியம். இரண்டும் ஒரே துறைதான் என்று என் மனைவி ஸ்டெல்லா கிண்டல் செய்வாள். முதல் மாடியில், படிக்கட்டுக்கு எதிரே எங்கள் வீடு. அதனால் மேடம் எனக்கு ஒரு பதவி கொடுத்திருந்தார். வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால், அதற்கு முன் வந்து எங்கள் வீட்டு பெல்லை அடிப்பார்.

"சார், நான் வண்டிக்கு அடியில போறேன். இருபது நிமிஷ வேலை. இருபது நிமிஷத்துல வெளிய வந்து குரல் குடுப்பேன். குடுக்கலன்னா இறங்கி வந்து பாருங்க."

"ஆகட்டும் மேடம்" என்பேன். கதவைச் சாத்துவேன். மறந்துவிடுவேன்.

ஒரு ஞாயிறு பெல் மறுபடி அடித்தது. கையெல்லாம் கிரீஸோடு நின்றார்.

"முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. நீங்க வரல."

"உங்களுக்கு ஏதாவது ஆச்சா மேடம்?"

"ஒண்ணும் ஆகல. நீங்க வர்றீங்களான்னு பாத்தேன்."

முப்பத்தைந்து நிமிடம், காருக்கு அடியில், வேலை முடிந்த பிறகும் படுத்துக் கிடந்து என்னைச் சோதித்திருக்கிறார்! ஸ்டெல்லா உள்ளே முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து மேடம் என்னோடு சேர்த்து எதிர்வீட்டு பெல்லையும் அடிக்க ஆரம்பித்தார். பதவி இறக்கம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இந்த அளவு பயந்து செய்கிறவருக்குப் பின்னால் ஏதோ ஒரு கதை இருக்கும் என்று நாங்கள் உறுதியாக நம்பினோம். கணவர் காருக்கு அடியில் நசுங்கி இறந்தார் என்றது ஒரு கட்சி. தொழிற்சாலையில் தோழியின் விரல் போயிற்று என்றது இன்னொன்று. இருவரும் லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு பவர் கட்டின்போது தைரியமாக அவரிடமே கேட்டேன். இருட்டில் அவர் குரல் சாதாரணமாக வந்தது.

"அப்படி யாருக்கும் ஒண்ணும் ஆகல சார். வீட்டுக்காரருக்கு சுகர், அதுலதான் போனாரு. என் செக்‌ஷன்ல முப்பது வருஷம் ஒருத்தருக்கும் ஒரு நகம்கூடப் பேரல."

"அப்புறம் ஏன் மேடம் இவ்ளோ?"

"ஏதாவது ஆனாதான் செய்யணுமா? ஆகாம இருக்கத்தானே செய்றோம்."

ஏமாற்றமாக இருந்தது. ஒரு நல்ல சோகக்கதை இருந்திருந்தால் அவரை மன்னிக்க எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

இன்னொரு காலை, ஆபீஸ் கிளம்பும் நேரம். பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பிய என் கார் கேட்டைத் தாண்டுவதற்குள் பானட்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி விட்டது. இறங்கி, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து சந்து முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம்.

"கைய எடுங்க சார்!"

எடுத்தேன். பள்ளிக்கூடப் பையனைப் போல எடுத்தேன். சந்தில் நின்ற இஸ்திரிக்காரர் சிரித்தார். மேடம் இறங்கி வந்து, நாற்பது நிமிடம் பக்கத்தில் காவல் நின்று, ஆறிய பிறகு மூடியைக் கால் சுற்று திருப்பி, நிறுத்தி, மறுபடி கால் சுற்று திருப்பித் திறந்தார். ஆபீஸில் மேனேஜரிடம் திட்டு வாங்கினேன். வாங்கிய திட்டை அப்படியே மனசுக்குள் மேடத்துக்குக் கைமாற்றினேன். அன்று என் முகம் வெந்துபோகவில்லை. வெந்துபோகாத முகத்துக்காக யாருக்காவது நன்றி சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டா என்ன?

இனி செக்ரட்டரிக்கு வருகிறேன். அவர் சாஃப்ட்வேரில் பெரிய பதவியில் இருந்து சீக்கிரமே ஓய்வு பெற்றவர். உலகத்தில் எந்த வேலையும் அவருக்கு ஐந்து நிமிட வேலைதான். தண்ணீர் மோட்டார் ஐந்து நிமிடம், லிஃப்ட் கோளாறு ஐந்து நிமிடம், வீடியோ பார்த்தால் எதையும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். மோட்டாருக்கு அப்புறம் ஆள் வந்து இரண்டு நாள் வேலை செய்தான் என்பது வேறு விஷயம். மேடத்தைப் பார்க்கும்போதெல்லாம், "மேடம், லைஃப்ல ஸ்வல்ப ரிஸ்க் எடுங்க மேடம்" என்பார். மேடம் தலையாட்டுவார். எடுத்ததில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு. மேடம் அன்று காக்கிக் கோட்டை முன்னாலேயே மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து இன்ஜின் ஆறக் காத்திருந்தார். நான் பால் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். செக்ரட்டரி, மேடம் விட்டுக்கொடுத்த அந்த லிஃப்ட் பக்கத்து இடத்தில், தன் பெரிய காரின் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார். அடியில் ஏதோ தகரம் லொட லொடவென்று அடிக்கிறதாம். மதியம் ஒசூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன், அந்தச் சத்தத்தோடு போக அவருக்குக் கௌரவக் குறைச்சல். தரையில் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரித்திருந்தார். யாரோ ஒரு தலைவரின் பிறந்தநாள் வாழ்த்து.

"சார், அங்க சரிவா இருக்கு" என்றார் மேடம். "வண்டிய இந்தப் பக்கம் கொண்டு வாங்க. நான் என் வண்டிய எடுத்துடறேன். வண்டியத் தாங்குற இரும்பு ஸ்டாண்ட் ரெண்டும் தரேன். வெறும் ஜாக்கிய நம்பி அடியில போகாதீங்க."

"மேடம், நீங்க உங்க பூஜைய முடிங்க. அதுக்குள்ள நான் வேலைய முடிச்சு, குளிச்சு, ஒசூரே போயிடுவேன்."

நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

மேடம் தன் மரக்கட்டைகளை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். செக்ரட்டரி இரண்டு கையையும் கூப்பி, "வேண்டாம் மேடம், ப்ளீஸ். ஃபைவ் மினிட்ஸ்" என்றார். மேடம் திரும்பிப் போனார். ஆனால் நாற்காலியைத் திருப்பி, அவருடைய காரைப் பார்த்த மாதிரி போட்டு உட்கார்ந்தார். செக்ரட்டரி தலைவரின் முகத்தின் மேல் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். கால்கள் இரண்டும் வெளியே தெரிந்தன.

நான் படியில் கால் வைத்தேன். பின்னால் இரும்பு வழுக்கும் சின்னச் சத்தம். அப்புறம் 'தொப்'. அப்புறம் செக்ரட்டரியின் அலறல்.

கார் அரைச் சாண் கேட் பக்கமாக நகர்ந்திருந்தது. ஜாக்கி சாய்ந்துவிட்டது, ஆனால் முழுதாக விழவில்லை. சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே கோணலாகச் சிக்கி நின்றது. கார் இறங்கி அவர் மார்பை அழுத்திக்கொண்டிருந்தது. பால் பாக்கெட்டுகளைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. தூக்க வேண்டும்.

"தொடாதீங்க! நியூட்ரல்ல இருக்கு!" என்று மேடம் ஓடிவந்தபடி கத்தினார்.

கேட்டது. காதில் தெளிவாக விழுந்தது. ஆனால் என் கை ஏற்கெனவே பம்பரில் இருந்தது. முழு பலத்தையும் போட்டுத் தூக்கினேன். அவ்வளவு பெரிய காரை நான் தூக்கிவிட முடியுமா? அது மேலே போகவில்லை. முன்னால் போனது. ஒரு கட்டைவிரல் அகலம் இருக்கும். சிக்கி நின்ற ஜாக்கி மீதியும் சாய்ந்து தரையில் விழுந்தது.

அதுவரை அலறிக்கொண்டிருந்த செக்ரட்டரி அலறுவதை நிறுத்தினார்.

மேடம் தோளால் என்னை இடித்துத் தள்ளினார். முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையைச் செருகி உதைத்தார். அந்தப் பக்கம் சுற்றிப் போய் இன்னொன்று. அப்புறம் பின் சக்கரம். அதற்குள் கட்டடமே இறங்கி வந்துவிட்டது. எனக்குத் தலைக்குள் ரத்தம் ஏறியிருந்தது. நான் செய்தது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்ததாலேயோ என்னவோ, அவரைப் பார்த்துக் கத்தினேன்.

"உங்களுக்கு மனசாட்சி இல்லையா? ஒரு மனுஷன் செத்துட்டிருக்கான்! கட்டை வச்சிட்டிருக்கீங்க!"

"கால் அசையுது. உயிர் இருக்கு. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணுங்க."

கார்க் கதவைத் திறந்து, உள்ளே ஏறாமல், எக்கி ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்தார். கியரைப் போட்டார். தன் மூலையிலிருந்து சக்கரம் வைத்த பெரிய ஜாக்கியை உருட்டி வந்தார். கைப்பிடியை ஒவ்வொரு அழுத்தாக அழுத்தி, ஒவ்வொரு அழுத்துக்கும் குனிந்து பார்த்துத் தூக்கினார். ஒரு பக்கம் இரும்பு ஸ்டாண்டை வைத்தார். மறுபக்கம் இரண்டாவது ஸ்டாண்டை வைத்தார். அப்புறம் செய்தார் பாருங்கள், இரண்டு கையாலும் காரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒரு மனிதர் அடியில் கிடக்கும்போது! கூட்டத்தில் ஒரு பெண் "ஐயோ" என்று முகத்தை மூடிக்கொண்டார்.

"இப்ப இழுங்க. தோளத் தொடாதீங்க. அந்த பேனரப் புடிச்சு, அவரோட சேத்து, மெதுவா."

இழுத்தோம். தலைவரோடு சேர்ந்து செக்ரட்டரியும் வெளியே வந்தார். நீலம் பாரித்த உதடு. மூச்சு இருந்தது. மேடம் குனிந்து அவர் காதருகில், "சார், வெளிய வந்துட்டீங்க. அசையாதீங்க" என்றார்.   அப்புறம் போய் மரக்கட்டைகளை இன்னொரு தடவை உதைத்துப் பார்த்தார்.

இரண்டு விலா எலும்பு, ஒரு காறை எலும்பு. "இன்னும் கொஞ்சம் வண்டி நகர்ந்திருந்தா ஆள் இல்ல" என்றாராம் டாக்டர். ஆறு வாரத்தில் எழுந்து நடமாடுவார் என்றும் சொன்னாராம். இந்த எலும்புகளில் எது கார் இறங்கியதில் முறிந்தது, எது நான் தூக்கியதில் முறிந்தது என்று எந்த எக்ஸ்ரேயும் பிரித்துச் சொல்லவில்லை. எங்கள் ஆபீஸ் ஃபாரத்தில்கூட அதற்குக் கட்டம் கிடையாது.

கட்டடத்தில் யாரோ படிக்கட்டிலிருந்து இதை வீடியோ எடுத்திருந்தார்கள். கையில் ஃபோன் இருந்ததால் உதவி செய்யக் கை ஒழியவில்லை என்று நினைக்கிறேன். அது, நான் பம்பரை விட்ட பிறகு ஆரம்பிக்கிறது. அதில் முதலில் வருவது என் குரல். "ஒரு மனுஷன் செத்துட்டிருக்கான்!" பிறகு மேடம், சாவகாசமாகக் கட்டை வைக்கிறார். மூன்று நிமிடம் நாற்பது விநாடி. பார்க்கும்போது மூன்று மணி நேரம்போல இருக்கும்.

மதியத்துக்குள் அது எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் வந்தது. சாயங்காலம் சந்து முழுக்கப் போனது. "இந்த நேரத்திலுமா ரூல்ஸ்?" என்றார் ஒருவர். "கல் நெஞ்சு" என்றார் ஒருவர். ஐந்தாம் எண் வீட்டுக்காரர், "எங்கள் கட்டடத்தில் ஒரே ஒரு மனிதர் இருக்கிறார்" என்று எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போட்டு, கும்பிடும் கைகள் மூன்று போட்டிருந்தார். நான் படித்தேன். பதில் எழுதவில்லை. பதில் எழுதாததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

செக்ரட்டரி கையைத் தூளியில் போட்டுக்கொண்டு நடமாட ஆரம்பித்ததும் மொட்டை மாடியில் அசோசியேஷன் கூட்டம். முதல் தீர்மானம், இனி கட்டட எல்லைக்குள் யாரும் எந்த வண்டியையும் ரிப்பேர் செய்யக்கூடாது. பாதுகாப்பு முக்கியம். கைதட்டல். இரண்டாவது, எனக்குப் பாராட்டு. தலையில் மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகையை வைத்தார்கள், சால்வை போர்த்தினார்கள், சந்தன மாலை, பழக்கூடை. பேட்டா எனக்குச் சின்னது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஃபோட்டோவுக்கு நின்றேன்.

அப்போது செக்ரட்டரி கடைசி வரிசையில் இருந்த மேடத்தைப் பார்த்துக் கேட்டார். குரலில் கோபமில்லை, நிஜமான வருத்தம்தான்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நான் உள்ள மூச்சு விட முடியாம கிடந்தேன். உங்க கால் மட்டும் இங்கயும் அங்கயும் போயிட்டிருந்தது. முதல்ல என்னைத் தூக்கியிருக்கலாமே?"

"வண்டி நகர்ந்துச்சு சார். அதான் முதல்ல கட்டை."

"எப்படி நகர்ந்தது? ஒருதடவ இறங்கி நின்னுடுச்சு. அப்புறம் திடீர்னு மறுபடி நகர்ந்தது. அப்பதான் எனக்குக் கத்தக்கூட மூச்சில்லாமப் போச்சு."

பேட்டா நழுவியது. மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்தார்.

"சரிவு சார்" என்றார்.

அவ்வளவுதான். அடுத்து பாதாம் பால்.

இரண்டு நாள் கழித்துப் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனேன். மேடம் கதவைத் திறந்து, கூடையைப் பார்த்து, "அத நீங்க சாப்பிடலையா?" என்றார்.

"மேடம், அன்னைக்கு வண்டி சரிவால நகரல. நான்தான்."

"தெரியும் சார். உங்க பக்கத்துலதானே வந்துட்டிருந்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல? உங்களத்தான் எல்லாரும் திட்டுறாங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். எதைச் செய்வதற்கு முன்னும் அவர் எடுத்துக்கொள்ளும் அதே நேரம்.

"சொன்னா என்ன ஆவும்? ஓடிப்போய்த் தூக்கினவன் மேல பழி வந்துச்சுன்னு பேசுவாங்க. அடுத்த தடவ ஒருத்தர் மாட்டிக்கிட்டா, நமக்கேன் வம்புன்னு பன்னெண்டு வீடும் மேல நின்னு பாக்கும். தப்பாத் தூக்குறவங்களைத் தள்ளிவிடலாம் சார். கிட்டயே வராதவங்கள வச்சுக்கிட்டு நான் ஒருத்தி என்ன செய்றது?"

கூடையை இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"தூக்கம் வருதா?" என்றார்.

"வரல மேடம்."

"வரும். கொஞ்ச நாள் ஆவும்" என்று சொல்லி, கூடையிலிருந்து ஒரே ஒரு ஆரஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அதைச் சுமந்துகொண்டு எத்தனை நாள் லிஃப்டில் ஏறி இறங்குவது? ஒரு சனிக்கிழமை குரூப்பில் எழுதினேன். வண்டியை நகர்த்தியது நான். மேடம் தொடாதே என்று கத்தினார், நான் கேட்கவில்லை. அவர் கட்டை வைத்ததால்தான் செக்ரட்டரி உயிரோடு இருக்கிறார். எழுத்துப் பிழை பார்த்து, இரண்டு முறை படித்து, அனுப்பினேன். ஃபோனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"எவ்வளவு பெரிய மனசு சார் உங்களுக்கு!" என்று முதல் பதில் வந்தது. பிறகு வரிசையாகக் கும்பிடும் கைகள். சாயங்காலம் செக்ரட்டரியே வீட்டுக்கு வந்து, தூளியில் இல்லாத கையால் என் தோளைத் தட்டினார். "அந்த அம்மா மேல பழி வரக்கூடாதுன்னு நீங்க உங்க தலையில போட்டுக்கிறீங்க பாருங்க, இது யாருக்கு வரும்?" இல்லை சார், நிஜமாகவே நான்தான் என்றேன். "பரவாயில்ல விடுங்க சார், எனக்குப் புரியுது" என்று கண் கலங்கினார். அவருடைய காறை எலும்பை முறித்தவனை அவர் கட்டிப்பிடித்ததில் எலும்பு கொஞ்சம் வலித்திருக்க வேண்டும்.

ஸ்டெல்லா மட்டும் நம்பினாள். நம்பியதற்கு அடையாளமாக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மேடம் ஜனவரியில் வீட்டைக் காலி செய்தார். யாரும் போகச் சொல்லவில்லை. ரிப்பேர் செய்யக்கூடாது என்ற நோட்டீஸை லிஃப்ட் அருகே நின்று முழுதாகப் படித்துவிட்டு, "சரியான ரூல்தான். தெரியாதவங்க செய்யக்கூடாது" என்று வாட்ச்மேனிடம் சொன்னாராம். அல்சூர் பக்கம், முன்னால் மட்டமான சிமென்ட் முற்றம் உள்ள ஒரு தரைத்தள வீடு கிடைத்திருந்தது. போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். செக்ரட்டரி வீட்டில் காபி குடித்தார். கேட்டைத் தாண்டும் முன் காரை நிறுத்தி, இறங்கி, நான்கு டயரையும் பார்த்துவிட்டுத்தான் போனார். வாட்ச்மேன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அதற்காகப் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

போன மாதம் அந்த வீடியோ எனக்கே திரும்பி வந்தது. எங்கள் ஆபீஸின் இன்னொரு கிளையில் இருப்பவர், என்னைத் தெரியாதவர், எல்லோருக்கும் அனுப்பியதில் எனக்கும் அனுப்பியிருந்தார். இப்போது அது வீடியோ இல்லை, அதிலிருந்து எடுத்த ஒற்றைப் படம். என் திறந்த வாயைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே கொட்டை எழுத்தில், "மனிதம் இன்னும் சாகவில்லை." அந்த வரியை எழுத இடம் வேண்டும் என்று படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டியிருந்தார்கள். அங்கேதான் மேடம் குனிந்திருந்தார். ஓரத்தில், முழங்கை வரை ஒரு காக்கிக் கை மட்டும் மிச்சமிருந்தது. அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.